'ஃபார்மட் போட்டா சரியாயிடும்'... அந்த பட்டனை அழுத்தும் முன் இதைப் படிங்க!

நாளைக்கு காலேஜ் ப்ராஜெக்ட் கொடுக்கணும். ராத்திரி லேப்டாப்பை ஆன் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. இன்னொரு பக்கம், கடையில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டிய கடைசி நாள். நேற்று வரை வேலை செய்த பாஸ்வேர்டு இன்று 'தவறு' என்கிறது. பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ஒண்ணும் இல்ல, ஃபார்மட் போட்டுட்டா சரியாயிடும்."

சரியாகத்தான் ஆகும். கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடும். ஆனால் அதற்குள் இருந்த குழந்தையின் போட்டோக்கள், மூன்று வருட பில்லிங் கணக்கு, எழுதி முடித்த ப்ராஜெக்ட் எல்லாம் திரும்பி வராது. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். உங்கள் ஃபைல்கள் போனால் போனதுதான்.

லாகின் பிரச்னைகள் பலவற்றுக்கும் ஃபார்மட் தேவையே இல்லை. எதை முதலில் செய்யணும், எதைக் கடைசியில் செய்யணும் என்ற வரிசை தெரிந்தால் போதும். அதிகம் பேர் பயன்படுத்தும் விண்டோஸ் கணினிகளை வைத்துப் பார்ப்போம்.

உலகமே நின்றபோது தீர்வு என்ன?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்கு கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த காட்சிகள் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தக் கணினிகளை எல்லாம் ஃபார்மட் போட்டா சரி செய்தார்கள்? இல்லை. சேஃப் மோடில் திறந்து, பிரச்னைக்குரிய ஃபைலை நீக்கினார்கள். அவ்வளவுதான். ஆனால் பல நிறுவனங்களில் அந்த எளிய வேலையே நாள்கணக்கில் இழுத்தது. காரணம், கணினிக்குள் போக பிட்லாக்கர் மீட்பு எண் தேவைப்பட்டது. அதைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கணினியிலும் கையால் அடிக்க வேண்டியிருந்தது.

இதில் வீட்டுக்கணினி வைத்திருப்பவருக்கும் பாடம் இருக்கு. கோளாறு சின்னதாக இருக்கலாம். சாவி கையில் இல்லாததுதான் பெரிய பிரச்னை.

முதலில் எந்தப் பூட்டு என்று பாருங்கள்

'லாகின் ஆகல' என்று பொதுவாகச் சொன்னாலும், விண்டோஸ் கணினியில் மூன்று விதமான பூட்டுகள் இருக்கின்றன.

1. பின் நம்பர்: அந்த ஒரு கணினிக்கு மட்டும் நீங்கள் வைத்த எண். வேறு கணினியில் இது செல்லாது.

2. கணக்கின் பாஸ்வேர்டு: மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கணக்குடையது அல்லது அந்தக் கணினியிலேயே உருவாக்கிய லோக்கல் கணக்குடையது.

3. பிட்லாக்கர் மீட்பு எண்: ஹார்டு டிஸ்க்கில் உள்ள தகவல்களையே பூட்டி வைத்திருக்கும் 48 இலக்க எண். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே, நீலத் திரையில் கேட்கும்.

ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதல் இரண்டில் ஃபைல்களுக்கு ஆபத்து குறைவு. மூன்றாவதில்தான் ரொம்ப கவனம் வேண்டும்.

பின் நம்பர், பாஸ்வேர்டு ஏற்கவில்லையா?

பதறுவதற்கு முன் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் ஆன் ஆகியிருக்கலாம். நம் லாக் ஆஃப் ஆகியிருந்தால் வலது பக்க எண்கள் விழாது. தமிழில் டைப் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். லாகின் திரையின் கீழ்ப் பகுதியில் மொழிக் குறியீடு இருக்கும். அது தமிழ் கீபோர்டில் நின்றால், நீங்கள் அடிக்கும் ஆங்கில எழுத்து அங்கே வேறு எழுத்தாக விழும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றி முயற்சி செய்யுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் உள்ள கண் படத்தை அழுத்தினால், என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும்.

'உங்கள் பின் நம்பர் இப்போது கிடைக்கவில்லை' என்ற அர்த்தத்தில் செய்தி வந்தால், பின் நம்பரை நீங்கள் மறந்ததாக அர்த்தமில்லை. அந்த எண் கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்புடன் இணைந்தது. பயாஸ் அப்டேட் போன்ற மாற்றத்துக்குப் பிறகு அந்த இணைப்பு அறுந்திருக்கலாம். 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' அழுத்தி பாஸ்வேர்டு மூலம் உள்ளே போங்கள். பிறகு செட்டிங்ஸில் பழைய பின் நம்பரை நீக்கிவிட்டு புதிதாக வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? கையில் இருக்கும் மொபைலிலேயே மைக்ரோசாஃப்ட் இணையதளத்துக்குப் போய் மாற்றலாம். பிறகு கணினியை இணையத்தில் இணைத்து, புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள். கணக்கில் பதிந்த பழைய மொபைல் எண்ணும் மாற்று ஈமெயிலும் இப்போது உங்களிடம் இல்லை என்றால்தான் சிக்கல். பாதுகாப்பு விவரங்கள் மொத்தத்தையும் மாற்றினால், மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும். சிம் மாற்றியவர்கள் இதை முன்பே சரிபார்ப்பது நல்லது.

லோக்கல் கணக்கு என்றால், தவறான பாஸ்வேர்டு போட்ட பிறகு 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும். கணக்கு தொடங்கும்போது கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கும் சரியான பதில் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

லாகின் ஆனது... ஆனால் டெஸ்க்டாப் காலி!

பாஸ்வேர்டு ஏற்கிறது, உள்ளே போனால் ஃபைல் எதுவும் இல்லை. 'உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை' என்று ஒரு செய்தி வருகிறது. பலர் இங்கேதான் "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பயந்து ஃபார்மட்டுக்குப் போகிறார்கள்.

விண்டோஸ் உங்களைத் தற்காலிக புரொஃபைலில் ஏற்றியிருக்கிறது. உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள். கணினியை ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தற்காலிகத் திரையில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். வெளியே வந்ததும் அது அழிந்துவிடும்.

வெறும் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிகிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். சரியாகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' மூலம் எக்ஸ்ப்ளோரரை இயக்கிப் பாருங்கள்.

48 இலக்க எண் கேட்டால் என்ன செய்வது?

"நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று கேட்பவர்கள் நிறைய. நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகிவிடும். மீட்பு எண்ணும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். பயாஸ் அப்டேட், மதர்போர்டு மாற்றம், செக்யூர் பூட் அமைப்பில் கை வைப்பது போன்றவற்றுக்குப் பிறகு கணினி அந்த எண்ணைக் கேட்கும்.

அப்போது செய்ய வேண்டியது இது. மொபைலில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் கணினியைத் தேர்வு செய்து பிட்லாக்கர் எண்களைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் 'கீ ஐடி'யுடன் எது பொருந்துகிறதோ அதுதான் உங்கள் எண். அலுவலகம் அல்லது கல்லூரிக் கணக்கில் லாகின் செய்த கணினி என்றால், அங்குள்ள ஐடி பிரிவிடம் எண் இருக்க வாய்ப்பு உண்டு.

கணக்கில் எண் இல்லையா? லேப்டாப் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். முதல் முறை ஆன் செய்தது யார்? கடைக்காரர் தன் ஈமெயிலைப் போட்டாரா, மகன் தன் பள்ளிக் கணக்கைப் போட்டானா, பழைய ஜிமெயில் முகவரியில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கினீர்களா? முதலில் லாகின் செய்த அந்தக் கணக்கில்தான் எண் இருக்கக்கூடும்.

எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்டாலும் அந்த எண்ணை எடுத்துத் தர முடியாது. அதன் பிறகு ஒரே வழி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுவதுதான். அதனால், தேடி முடிக்கும் வரை ஃபார்மட் பட்டனைத் தொடாதீர்கள். "எண் இல்லாமலேயே திறந்து தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

ஆன் ஆகவே மாட்டேங்குது... ஃபார்மட்டுக்கு முன் நாலு படிகள்

விண்டோஸ் தொடங்கும்போதே நின்றுவிட்டால், அதற்குள்ளேயே ஒரு மீட்புப் பகுதி இருக்கிறது. லாகின் திரை வரை வந்தால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவரைக்கும் வரவில்லை என்றால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானாகவே வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போங்கள்.

1. 'ஸ்டார்ட்-அப் ரிப்பேர்': தொடங்குவதில் உள்ள கோளாறை விண்டோஸே சரி செய்யப் பார்க்கும்.

2. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்': கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு பிரச்னை என்றால் அதை நீக்கலாம்.

3. 'சிஸ்டம் ரெஸ்டோர்': முந்தைய தேதியில் இருந்த நிலைக்கு கணினி அமைப்பைக் கொண்டுபோகும். உங்கள் போட்டோ, டாக்குமென்ட்களைத் தொடாது. இந்த வசதி முன்பே ஆன் ஆகியிருந்தால்தான் உதவும்.

4. 'ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ்': ரீஸ்டார்ட் ஆனதும் 4 அழுத்தினால் சேஃப் மோட், 5 அழுத்தினால் இணையத்துடன் சேஃப் மோட். உள்ளே போய் புதிதாகப் போட்ட மென்பொருளையோ டிரைவரையோ நீக்கலாம்.

இவற்றில் சிலவற்றுக்கும் பிட்லாக்கர் எண் கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, ஃபைல்களை எடுக்கும் வேலையை முதலில் பாருங்கள்.

ஃபார்மட் போட்டே ஆகணுமா? முதலில் ஃபைல்களை எடுங்க

கணினி திறக்காவிட்டாலும் ஃபைல்களை எடுக்க முடியும். ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ கழற்றி, இன்னொரு கணினியில் இணைத்து நகல் எடுக்கலாம். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதன் வழியாகவும் எடுக்கலாம். சர்வீஸ் கடைகளில் இது வழக்கமான வேலைதான். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதற்கும் அந்த 48 இலக்க எண் வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது "பேக்கப் எடுத்துட்டு ஃபார்மட் போடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்த ஃபோல்டர் என்று எழுதிக் கொடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நால்வரும் எல்லோருக்கும் நினைவு வரும். மறந்துபோவது இவைதான்: டேலி அல்லது பில்லிங் மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மெயில் ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தனியாகப் போட்ட தமிழ் எழுத்துருக்கள். நகல் எடுத்த ஃபைல்களில் சிலவற்றை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

பேக்கப் இல்லாமல் ஃபார்மட் போட்டுவிட்டால்? கணினியை உடனே நிறுத்துங்கள். புதிதாக எழுத எழுத பழையது மீள்வது கடினம். எஸ்எஸ்டியில் நீக்கிய தகவலை அந்த டிரைவே துடைத்துவிடும் என்பதால் வாய்ப்பு இன்னும் குறைவு.

'ரீசெட்' போதுமா, புதிதாகப் போடணுமா?

மீட்புத் திரையில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி'யில் இரண்டு வழிகள் உண்டு. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட மென்பொருள்களை நீக்கும். பழைய பில்லிங் மென்பொருள்கள் சில, டேட்டாவையும் தங்கள் புரோகிராம் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும். அது சேர்ந்து போகலாம். அதனால் இதற்கும் பேக்கப் அவசியம். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது பெயரிலேயே தெரியும், எல்லாம் போய்விடும். 'கிளவுட் டவுன்லோட்' தேர்வு செய்தால் சுமார் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர்கள் கவனிக்கணும்.

ரீசெட் கைகொடுக்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' எடுத்து, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்யலாம். அந்த பென் டிரைவில் முன்பே இருந்தவை அழிந்துவிடும்.

இன்ஸ்டால் பாதியில் நிற்கிறதா?

பென் டிரைவில் இருந்து தொடங்கவில்லை: ஆன் செய்ததும் பூட் மெனு கீயை அழுத்த வேண்டும். டெல், லெனோவா லேப்டாப்களில் வழக்கமாக எஃப்12, எச்பியில் எஃப்9.

'எந்த டிரைவும் இல்லை' என்கிறது: எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 11-ம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் சேமிப்பு டிரைவரைத் தனியாகக் கொடுத்தால்தான் டிரைவ் தெரியும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அதை எடுத்து பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுங்கள்.

எம்பிஆர், ஜிபிடி என்று ஏதோ சொல்கிறது: பென் டிரைவ் தொடங்கிய முறையும் டிஸ்க்கின் அமைப்பும் பொருந்தவில்லை. பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தால் மற்றதைத் தேர்வு செய்து பாருங்கள். டிஸ்க்கை 'கிளீன்' செய்யச் சொல்லும் கமாண்டை அடித்தால் டி டிரைவும் சேர்ந்து அழியும்.

எதை அழிப்பது என்று தெரியவில்லை: இன்ஸ்டால் திரையில் சி, டி என்று எழுத்துகள் இருக்காது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3' என்றுதான் வரும். ஒவ்வொன்றின் அளவையும் முன்பே குறித்து வையுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிடுங்கள். தவறான டிரைவை அழித்துவிட்டுத் தவிப்பது இங்கேதான்.

திரும்பத் திரும்ப முதலில் இருந்தே தொடங்குகிறது: முதல் ரீஸ்டார்ட்டின்போது பென் டிரைவில் இருந்தே மறுபடி பூட் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டால் போதும்.

'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது': டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு ஆகியவை வேண்டும். டிபிஎம் இருந்தும் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கலாம். உண்மையிலேயே இல்லை என்றால் யோசிக்கணும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனாளர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். பழைய கணினிக்கு லினக்ஸ் ஒரு வழி. தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். அப்படி இரண்டும் உள்ள கணினியில் விண்டோஸை மறுபடி போட்டால், லினக்ஸைத் தேர்வு செய்யும் மெனு காணாமல் போகலாம். அந்தப் பார்ட்டிஷனை அழிக்காத வரை லினக்ஸில் இருந்த ஃபைல்கள் உள்ளேதான் இருக்கும்.

போட்டு முடித்த பிறகு...

வைஃபை தெரியவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். மொபைலை கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் இணையம் கிடைக்கும். மற்ற டிரைவர்களை அதன் மூலம் எடுக்கலாம்.

புராடக்ட் கீ கேட்டால் பயப்பட வேண்டாம். முன்பு ஒரிஜினல் விண்டோஸ் ஓடிய அதே கணினி என்றால் 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்வு செய்து தொடருங்கள். முன்பிருந்த அதே பதிப்பைப் போட்டால், அதாவது ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ, இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். இதற்காக 'கிராக்' மென்பொருள் தேடினால், அதனுடன் வைரஸும் வரலாம்.

பழைய டெஸ்க்டாப்பில் தேதி தவறாகக் காட்டினால் இணையதளங்கள் திறக்காது, ஆக்டிவேஷனும் நிற்கலாம். மதர்போர்டில் உள்ள சின்ன பட்டன் செல் தீர்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

ஃபார்மட் செய்யாமல் மேலேயே இன்ஸ்டால் செய்திருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பழைய ஃபைல்கள் அதில் இருக்கும். 10 நாட்களில் அது தானாக நீங்கிவிடலாம் என்பதால் உடனே நகல் எடுங்கள்.

திரையில் போன் நம்பர் வந்தால் உஷார்!

தீர்வு தேடும் நேரத்தில்தான் மோசடிக்காரர்கள் வருவார்கள். 'உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று பிரவுசரில் ஒரு பக்கம் அலறும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. அழைக்காதீர்கள், ரிமோட் செயலி எதையும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

உங்கள் கணினி இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இதுதான் சரியான நேரம். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அந்தக் கணக்கில் இருப்பது இப்போது நீங்கள் பயன்படுத்தும் மொபைல் எண்தானா என்று சரிபாருங்கள். முக்கியமான ஃபோல்டர்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்து, கணினியில் இருந்து கழற்றி வையுங்கள்.

இந்த மூன்றையும் முடித்த வீட்டில், நாளைக்கு யாராவது "ஃபார்மட் போட்டுடலாமா?" என்று கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்: "போடுங்க, எல்லாம் எடுத்து வச்சாச்சு."